இலக்கு யாருடையது? இந்திய உளவள ஆலோசனையின் நூறாண்டுகள்

நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஏழு மாதங்களாக ஒரு பக்கம்கூட நகராமல் நின்றிருந்தது. ஊரிலிருந்து வெகுதொலைவில், வட இந்தியப் பல்கலைக்கழகமொன்றின் விடுதியில் இருந்தேன். நண்பர் ஒருவரின் வற்புறுத்தலால் ஆலோசகர் ஒருவரைச் சந்திக்கச் சென்றேன். என் குழந்தைப்பருவத்தைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்துச் சென்றவனிடம் அவர் கேட்டது, "நேற்றுக் காலை விழித்ததிலிருந்து இரவு உறங்கும்வரை என்னென்ன செய்தீர்கள்?" என்பதைத்தான். மணிவாரியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். பிறகு, "அடுத்த வியாழனுக்குள் உங்களால் செய்ய முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். இயலை முடித்துவிடுவேன் என்றேன். "அது உங்கள் ஆசை. அதைவிடச் சிறியதாக ஒன்றைச் சொல்லுங்கள்" என்றார். மூன்று முறை சுருக்கியபின் எஞ்சியது இதுதான்: வாரத்தில் மூன்று நாள் காலை பத்து மணிக்கு நூலகத்திற்குச் சென்று அரைமணி நேரம் மேசையில் அமர்வது. எழுத வேண்டிய கட்டாயமில்லை.

அன்று எனக்கு அவமானமாகவே இருந்தது. முனைவர் பட்ட ஆய்வாளனுக்குத் தரப்படும் இலக்கா இது என்று எண்ணினேன். ஆயினும் அந்தச் சிறிய இலக்கு எங்கிருந்து வந்தது, யார் வகுத்தது என்ற வினா என்னை விட்டுப் போகவில்லை. தேடிச் சென்றபோது, ஒருவர் தன் நடத்தையைப் புரிந்துகொள்வதற்கும் தனக்கான இலக்கை வகுத்துக்கொள்வதற்கும் இன்னொருவர் எவ்வாறு துணைநிற்பது என்ற கேள்விக்கு இந்தியாவிலேயே நூறாண்டு வரலாறு இருப்பதைக் கண்டேன். அவ்வரலாற்றின் சில திருப்பங்களை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

1. கல்கத்தா: புரிதல் முதன்மையாக இருந்த காலம்

கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் 1916-இல் உளவியலுக்குத் தனித்துறை அமைந்தது. அத்துறையில் பயின்றவர்களுள் ஒருவர் ஏற்கெனவே மருத்துவராகத் தொழில் செய்துவந்த கிரீந்திரசேகர் போஸ் (1887-1953). மனத்தில் விருப்பங்கள் அமுக்கப்படுவது குறித்த தம் ஆய்வேட்டுக்கு 1921-இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்நூலை வியன்னாவிலிருந்த பிராய்டுக்கு அனுப்பினார். அதிலிருந்து தொடங்கிய கடிதப் போக்குவரத்து 1937 வரை நீடித்தது. 1922-இல் பார்சிபாகான் சந்திலிருந்த போஸின் வீட்டில் இந்திய உளப்பகுப்பாய்வுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1940-இல் லும்பினி பார்க் மனநல மருத்துவமனையும் உருவாயிற்று.

போஸ் பிராய்டின் கருத்துகளை அப்படியே ஏற்றுக்கொண்டவர் அல்லர். ஒவ்வொரு விருப்பத்துக்கும் நேரெதிரான விருப்பமொன்று மனத்தின் அடியில் உண்டு என்பது அவருடைய கோட்பாடு. அடிக்க நினைப்பவனுக்குள் அடிபடும் விருப்பமும் ஒளிந்திருக்கிறது. ஆகவே தன் நடத்தையை அறிய விரும்புபவன் எதிர்ப்பக்கத்தில் நிற்பவனாகவும் தன்னைக் கற்பனை செய்து பார்க்க வேண்டும் என்றார். ஏற்றப்பலகையின் இருமுனைகளில் மாறிமாறி அமர்வதுபோல, நோயாளியை இவ்விரு நிலைகளுக்கும் இடையே அழைத்துச் செல்வது அவர் முறை. வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் மருத்துவராக அவர் இருக்கவில்லை. நோயாளிக்குச் செய்வதற்கு ஒன்றைத் தந்தார். இது கவனிக்கத்தக்கது.

எனினும் அந்த முறையில் புரிதலே முடிவாகக் கருதப்பட்டது. எதிரெதிர் விருப்பங்கள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டால் நடத்தை தானாகவே மாறும் என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். அதற்கு நீண்டகாலமும் பணமும் படிப்பும் தேவைப்பட்டன. கல்கத்தாவின் கற்றறிந்த நடுத்தர வகுப்பைத் தாண்டி அது பரவாததற்கு இதுவும் காரணம்.

மொழியியல் மாணவன் என்ற முறையில் ஒரு துணைச்செய்தி. போஸின் அண்ணன் ராஜசேகர் போஸ், 'பரசுராம்' என்ற புனைபெயரில் எழுதிய வங்க நகைச்சுவை எழுத்தாளர். 'சலந்திகா' என்னும் வங்க அகராதியைத் தொகுத்தவர். ஒரே குடும்பத்தில் ஒருவர் மனத்தின் பெயரற்ற விருப்பங்களுக்குப் பெயர் தேட, இன்னொருவர் மொழியின் சொற்களுக்குப் பொருள் தேடினார்.

2. அரசு வகுத்த இலக்கு

விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் ஆலோசனை வேறொரு வாயில் வழியாக நுழைந்தது. 1947-இல் அலகாபாத்தில் ஐக்கிய மாகாண அரசின் உளவியல் பணியகம் நிறுவப்பட்டது. மாணவர்களின் அறிவுத்திறனையும் நாட்டத்தையும் சோதித்து, ஏற்ற படிப்பையும் தொழிலையும் பரிந்துரைப்பது அதன் வேலை. 1952-இல் அமைக்கப்பட்டு 1953-இல் அறிக்கை தந்த இடைநிலைக் கல்வி ஆணையம், பள்ளிகளில் பயிற்சிபெற்ற வழிகாட்டு அலுவலர்கள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன் தலைவர் அன்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியார்.

புதிய நாட்டுக்குப் பொறியாளர்களும் ஆசிரியர்களும் தொழில்நுட்பப் பணியாளர்களும் தேவைப்பட்டனர். யார் எதற்குத் தகுதியானவர் என்று கண்டறிவது நாட்டுப்பணியாகவே கருதப்பட்டது. இதில் குறைகாண எளிது. ஆனால் அக்காலத் தேவையை மறக்கலாகாது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு எத்தனை வாயில்கள் உண்டு என்று சொல்ல வீட்டில் எவரும் இல்லை. அதைச் சொல்ல ஒருவரை நியமித்தது நல்ல செயலே.

ஆயினும் இம்முறையில் இலக்கு, எதிரில் அமர்ந்திருப்பவரிடமிருந்து பிறக்கவில்லை. சோதனைத்தாளிலிருந்தும் நாட்டின் திட்டத்திலிருந்தும் பிறந்தது. போஸிடம் புரிதல் இருந்தது, இலக்கு இல்லை. வழிகாட்டுப் பணியகங்களில் இலக்கு இருந்தது. தன்னைத் தானே புரிந்துகொள்ளும் வேலை மாணவருக்கு விடப்படவில்லை.

3. கூடாரங்களும் குருமார்களும்

1950-களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையின் பொறுப்பிலிருந்த மருத்துவர் வித்யாசாகர் ஒரு புதுமை செய்தார். மருத்துவமனை வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, நோயாளிகளின் குடும்பத்தினரை உடன் தங்கவைத்தார். நோய் என்பது என்ன, வீட்டில் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று அவர்களுடன் அமர்ந்து பேசினார். குடும்பங்கள் பிற குடும்பங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. பூட்டிய கதவுகளுக்குப் பின்னே கைவிடப்பட்டிருந்தவர்களில் பலர் வீடு திரும்ப இது வழியமைத்தது. நடத்தையைப் புரிந்துகொள்ளும் பணி ஒரு மனிதருடையது மட்டுமன்று, அவரைச் சுற்றியிருப்போருடையதும் ஆகும் என்பதை உலகின் பல பகுதிகளுக்கு முன்னதாகவே இந்தியா செய்து காட்டியது.

பெங்களூரில் 1954-இல் அகில இந்திய மனநல நிறுவனம் தொடங்கியது. இன்றைய நிம்ஹான்ஸின் முன்னோடி இது. அதனோடு தொடர்புடைய என். சி. சூர்யாவும் எஸ். எஸ். ஜெயராமும் 1964-இல் எழுதிய கட்டுரையொன்று இன்றும் பேசப்படுகிறது. மேலைநாட்டு உளசிகிச்சை முறைகள் இங்கே அப்படியே பொருந்துவதில்லை என்றனர். இந்திய நோயாளி தன் அகத்துக்குள் விளக்கம் தேடுவதைவிட, தன் சூழலில் நேரடித் துணையையே எதிர்பார்க்கிறார். மருத்துவரைத் தம் குடும்பப் பெரியவர் போன்ற உறவு நிலைக்கே இழுத்துக்கொள்கிறார் என்பது அவர்கள் கண்டது.

1973-இல் மனநல மருத்துவரும் பஞ்சாபிக் கவிஞருமான ஜஸ்வந்த் சிங் நேக்கி இதை மேலும் ஒரு படி கொண்டுசென்றார். குரு-சீடர் உறவையே உளசிகிச்சைக்கு முன்மாதிரியாகக் கொள்ளலாம் என்று வாதிட்டார். ஒருவரைச் சார்ந்திருப்பது குறையன்று. சார்பிலிருந்து படிப்படியாகத் தன்னடக்கத்துக்கும் நிறைவுக்கும் செல்லும் வழி நம் மரபில் உண்டு என்பது அதன் சாரம்.

எனக்கு இதில் ஈர்ப்பும் உண்டு, அச்சமும் உண்டு. 'நீங்களே சொல்லுங்கள், நான் என்ன செய்யட்டும்?' என்ற கேள்வி நம் வாயில் இயல்பாக வருகிறது. அதற்கு மறுமொழி தராத ஆலோசகரை அன்பற்றவர் என்று எண்ணுகிறோம். ஆனால் குரு சொன்ன இலக்கும் அடுத்தவர் வகுத்த இலக்கே. சாதியும் வயதும் பாலும் யார் யாருக்கு அறிவுரை சொல்லலாம் என்று ஏற்கெனவே விதித்து வைத்திருக்கும் நாட்டில், ஆலோசகர் பெரியவரின் நாற்காலியில் அமர்ந்துவிட்டால் எதிரில் இருப்பவரின் குரல் எங்கே எழும்?

4. கோவா: சிறிய செயலின் வருகை

இவ்விடத்தில் கடல்கடந்து ஒரு கணம் செல்ல வேண்டியிருக்கிறது. 1970-களில் அமெரிக்காவில் பீட்டர் லெவின்சோன், மனச்சோர்வைச் செயலின் கோணத்திலிருந்து விளக்கினார். சோர்வுற்றவர் மனநிறைவு தரும் செயல்களிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்குவதால் நிறைவு குறைகிறது, குறைவதால் சோர்வு மிகுகிறது, மேலும் ஒதுங்குகிறார். 1996-இல் நீல் ஜேக்கப்சனும் அவர் குழுவினரும் சிகிச்சையின் பகுதிகளைப் பிரித்துச் சோதித்தபோது, எண்ணங்களைத் திருத்தும் பகுதியைச் சேர்க்காமல், செயலைத் திரும்பத் தொடங்கவைக்கும் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு நிகரான பயன் தந்ததைக் கண்டனர். செயலூக்க முறை என்று இதைச் சொல்லலாம்.

இக்கருத்து இந்தியாவில் வேர்பிடித்த இடம் கோவா. அங்கே 1996-இல் சங்காத் என்னும் அமைப்பு உருவானது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் மனநல மருத்துவர் விக்ரம் படேல். மனநல வல்லுநர்கள் மிகக் குறைவாக உள்ள நாட்டில் உள்ளூர் மக்களையே பயிற்றுவித்து ஆலோசகர்களாக்க முடியுமா என்பது அவர்கள் முன்நின்ற வினா. பின்னாளில் உருவான திட்டமொன்றில், மனநலத் துறையில் முன்பயிற்சி இல்லாதவர்கள் ஆலோசகர்களாகப் பயிற்றுவிக்கப்பட்டு ஆரம்பச் சுகாதார நிலையங்களில் பணியாற்றினர். ஆறு முதல் எட்டு அமர்வுகள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரைமணி நேரம் அல்லது சற்றுக் கூடுதல். சுகாதார நிலையத்திலோ வீட்டிலோ.

அமர்வில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கற்பனை எடுத்துக்காட்டுத் தருகிறேன். கணவரின் வேலை போனபின் ஒரு பெண் உறவினர் வீடுகளுக்குச் செல்வதை நிறுத்துகிறார். யாரும் கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சம். வீட்டிலேயே இருப்பதால் அதே கவலையை நாள்முழுதும் நினைக்கிறார். உறக்கம் கெடுகிறது. காலையில் எழ முடியாததால் முன்பு விரும்பிச் செய்த தையலும் நின்றுபோகிறது. ஆலோசகர் இந்த வட்டத்தை அவரோடு சேர்ந்து காகிதத்தில் வரைகிறார். நடத்தையைப் புரிந்துகொள்வது என்பது இங்கே இவ்வளவுதான்: எது நடந்தது, என்ன உணர்ந்தேன், அதனால் என்ன செய்தேன், செய்ததால் என்ன ஆயிற்று. குற்றம் எவர்மீதும் சுமத்தப்படுவதில்லை. பிறகு அந்த வட்டத்தை எங்கே வெட்டுவது என்று பேசப்படுகிறது. 'வெளியே போய்வாருங்கள்' என்பது இலக்கன்று. 'செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தங்கை வீட்டுக்குச் சென்று தேநீர் குடித்துவிட்டு வருவது' என்பது இலக்கு. நாள், நேரம், இடம், உடன்வருபவர், தடை வந்தால் மாற்றுவழி ஆகியவை அதில் இருக்க வேண்டும். முக்கியமாக, அதை அவரே தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். அடுத்த அமர்வில் அது நடந்ததா, நடந்தபோது மனம் எப்படி இருந்தது என்று பார்க்கப்படுகிறது. நடக்கவில்லையென்றால் தோல்வி என்று எழுதுவதில்லை. இலக்கு பெரிதாக இருந்திருக்கலாம் என்று கொண்டு அதை இன்னும் சிறிதாக்குகிறார்கள்.

கடும் மனச்சோர்வுடைய 495 பேரிடம் நடத்தப்பெற்ற சோதனையின் முடிவு 2017-இல் 'லான்செட்' இதழில் வெளியாயிற்று. மூன்று மாதங்களுக்குப் பின், வழக்கமான மருத்துவக் கவனிப்போடு இந்த ஆலோசனையும் பெற்றவர்களில் 64 விழுக்காட்டினர் நோய்க்குறிகள் தணிந்த நிலையை எட்டியிருந்தனர். ஆலோசனை பெறாதவர்களில் 39 விழுக்காட்டினர். ஓராண்டுக்குப் பின்னும் பயன் நிலைத்திருந்தது. இது மாயமன்று; ஆலோசனை பெற்றும் தணியாதோர் நூற்றுக்கு முப்பத்தாறு பேர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஆயினும் பெருநூல்கள் கற்காத அண்டைவீட்டுக்காரர் ஒருவர், ஏழெட்டு உரையாடல்களில் இவ்வளவு செய்ய முடியும் என்பது சிறிய செய்தியன்று.

சொல் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இத்திட்டங்களில் 'மனச்சோர்வு நோய்' என்ற மருத்துவப் பெயரைத் திணிக்காமல், மக்கள் தாமே பயன்படுத்தும் 'டென்ஷன்' போன்ற சொற்களே ஆளப்பட்டன. இந்திய மொழிகள் பலவற்றில் புகுந்துவிட்ட இச்சொல்லைத் தூய்மைவாதிகள் விரும்பமாட்டார்கள். ஆனால் ஒருவர் தன் துயரத்தைத் தானே எந்தச் சொல்லால் அழைக்கிறாரோ, அந்தச் சொல்லிலிருந்துதான் புரிதல் தொடங்க முடியும். பெயரிடும் உரிமை முதலில் அவருக்கே.

5. சிறிய இலக்கின் ஆபத்து

இனி, எதிர்வாதம். சிறிய செயல்கள் பற்றிய இந்தப் பேச்சு, உலகின் அநீதிகளைத் தனிமனிதரின் நடத்தைக் குறைகளாக மாற்றிவிடாதா? கடனில் மூழ்கியவரிடம் மாலை நடைப்பயிற்சி பற்றிப் பேசுவது என்ன நியாயம்?

இக்கேள்வி மாணவர்களைப் பற்றிப் பேசும்போது கூர்மை அடைகிறது. தேசியக் குற்ற ஆவணப் பணியகத்தின் கணக்குப்படி 2022-இல் இந்தியாவில் 13,044 மாணவர்கள் தம் உயிரை மாய்த்துக்கொண்டனர். 2025 ஜூலையில் உச்சநீதிமன்றம், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் பயிலும் கல்வி நிறுவனங்கள் தகுதிபெற்ற ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ அமர்த்த வேண்டும் என்று வழிகாட்டுதல் வழங்கியது. வரவேற்கத்தக்க ஆணை. ஆனால் அந்த அறையில் அமரும் ஆலோசகர் யாருடைய இலக்கை எழுதுவார்? வருகைப்பதிவைச் சரிசெய்வதும் தேர்ச்சி விழுக்காட்டை உயர்த்துவதும் நிறுவனத்தின் இலக்குகள். அவற்றையே மாணவரின் வாயில் வைத்துச் சொல்லவைத்தால், நாம் 1950-களின் சோதனைத்தாளுக்கே திரும்பியிருப்போம். இப்போது அது புன்னகையோடு நடக்கும், அவ்வளவே வேறுபாடு.

நல்ல ஆலோசனை இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறது. பட்டியலை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: என் நடத்தையால் மாறக்கூடியவை, என் நடத்தையால் மாறாதவை. கோவா முறையில் செயல்களைத் திட்டமிடுவதோடு, வாழ்க்கைச் சிக்கல்களைத் தீர்க்கும் வழிகளைத் தேடுவதும் சுற்றத்தாரின் துணையைத் திரட்டுவதும் அடங்கும். மாதக்கணக்கில் உதவித்தொகை வராத ஆய்வாளருக்கு நூலகத்தில் அரைமணி நேரம் அமர்வது தீர்வன்று. ஆனால் யாரிடம் விண்ணப்பிப்பது, உடன் யாரை அழைத்துச் செல்வது, எந்த நாளில் செல்வது என்பவை அவர் வகுத்துக்கொள்ளத்தக்க இலக்குகள். சிறிய இலக்கு மனிதரை அமைதிப்படுத்தும் கருவியாகலாம். மனிதருக்குத் தன் கைகால்களின் வலிமையை நினைவூட்டும் கருவியாகவும் ஆகலாம். எது என்பதை அதைத் தேர்ந்தெடுத்தவர் யார் என்பதே தீர்மானிக்கிறது.

6. ஒரு சொல்லின் இரு பொருள்

தமிழில் இப்பணியை 'ஆற்றுப்படுத்துதல்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. இலங்கையில் 'உளவளத்துணை' என்பர். ஆற்றுப்படுத்துதல் என்றதும் பலர் மனத்தில் எழுவது 'ஆற்றுதல்', அதாவது சூட்டைத் தணிப்பது, தேற்றுவது. சொல்லின் வழி வேறு. ஆறு என்பது நெறி, வழி. ஆற்றுப்படுத்துதல் என்பது வழியில் செலுத்துதல். பத்துப்பாட்டில் சரிபாதியான ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சேர்ந்தவை.

அவற்றில், முருகாற்றுப்படையில் மட்டும் வழி இறைவனை நோக்கியது. ஏனைய நான்கிலும் நிலைமை ஒன்றே: பரிசு பெற்றுத் திரும்பும் கலைஞர், வறுமையோடு எதிரே வரும் கலைஞருக்கு வழி சொல்கிறார். வழி சொல்பவர் குருவும் அல்லர், அரசும் அல்லர். நேற்றுவரை அதே பசியில் இருந்தவர். எந்த இடத்தில் என்ன உணவு கிடைக்கும், எங்கே வழுக்கும், எங்கே தங்கலாம் என்று அடுத்தடுத்த கட்டங்களைச் சொல்கிறார். நடக்க வேண்டியவர் கேட்பவரே.

கோவாவின் சுகாதார நிலையத்தில் அமர்ந்திருக்கும் உள்ளூர் ஆலோசகரை நினைக்கும்போது எனக்கு இந்த உருவமே தோன்றுகிறது. ஒப்புமையை அளவுக்கு மீறி இழுக்க விரும்பவில்லை. ஆற்றுப்படையின் முடிவில் ஒரு வள்ளல் காத்திருக்கிறார், வாழ்க்கையில் அப்படி எவரும் காத்திருப்பதில்லை. எனினும் தேற்றுவதற்கும் வழிகாட்டுவதற்கும் இடையே, வழிகாட்டுவதற்கும் கையைப் பிடித்து இழுத்துச் செல்வதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை அச்சொல் காத்து வைத்திருக்கிறது.

என் மூன்றாம் இயலைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். முதல் வாரம் மூன்று நாளில் இரண்டு நாள் நூலகம் சென்றேன். இரண்டாம் நாள் அரைமணி நேரம் அமர்ந்து, ஏழு மாதங்களுக்கு முன் எழுதிய ஒரு பத்தியை வாசித்தேன். அதிலிருந்த ஒற்றுப்பிழை ஒன்றைத் திருத்தினேன். அன்று நடந்தது அவ்வளவே. இயல் முடிய மேலும் ஐந்து மாதங்கள் ஆயின. அந்த ஒற்றைத்தான் இப்போதும் அதன் தொடக்கமாகக் கருதுகிறேன்.

இதை வாசிப்பவர்களில் எவரேனும் தாங்கமுடியாத நிலையில் இருந்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் சேவை இலவசமாகக் கிடைக்கிறது, தமிழிலும் பேசலாம். இன்றைக்கு அந்த ஓர் அழைப்பே போதுமான இலக்கு.